இல்லாத எஞ்சினுக்கு ஒரு பானெட்

ராணுவத்தை விட்டு வெளியே வரும் ஜீப் முதலில் இழப்பது தன் நிறத்தை. பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி. அடுத்து எண் போகும். மேல்நோக்கிய அம்பு, வண்டி படைக்கு வந்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள், ஓர் எழுத்து, வரிசை எண், வண்டியின் வகையைச் சொல்லும் இன்னோர் எழுத்து என்றிருந்த பலகையைக் கழற்றிவிட்டு மாநிலப் பதிவெண் மாட்ட வேண்டும். ஆக, ‘மிலிட்டரி ஜீப்’ வாங்குகிறவர் கைக்கு வந்து சேர்வது, மிலிட்டரி என்று சொல்லிக்கொள்ள வெளியே எந்த அடையாளமும் மிஞ்சாத ஒரு வண்டி. அதை மறுபடியும் மிலிட்டரி ஆக்கத்தான் அவர் செலவழிக்கத் தொடங்குகிறார். விதிக்குச் சிக்காத அளவுக்குக் கொஞ்சம் மஞ்சள் கூட்டிப் பச்சை கலந்து தரும் பெயிண்ட்காரர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாவும் தென்னையும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அப்படியொரு ஜீப்பை வாங்கினார். மகிந்திரா சி.ஜே. 3பி. வந்தது போடியிலிருந்து. பட்டறையில் சுரண்டியபோது மேலே வெள்ளை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் மெரூன், எல்லாவற்றுக்கும் கீழே ஆலிவ் பச்சை. பம்பரின் உட்புறத்தில் அம்பும் 71 என்ற எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. எழுபத்தொன்று என்றால் வங்கதேசப் போர் அல்லவா! படையிலிருந்த ஜீப்புகளில் பெரும்பாலானவை பார்த்த வேலை அதிகாரியை மெஸ்ஸில் இறக்கிவிடுவதும் ரேஷன் மூட்டை சுமப்பதும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

ஜீப்புக்குப் போர்ப் பெருமை கிடையாது என்று சொல்லவரவில்லை. 1965 செப்டம்பர் 10 அன்று கேம்கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்கிகளை அழித்து உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. எஃகுக் கவசம் போட்ட டாங்கிக்கு முன்னால், கதவுகூட இல்லாத தகர வண்டி. கரும்புக் காட்டுக்குள் மறைந்துகொள்ள முடிகிற உயரமும் சட்டென்று இடம் மாற முடிகிற எடையும்தான் அதற்கிருந்த பாதுகாப்பு. இந்தக் கதை தெரிந்த எவருக்கும் பம்பரில் ஓர் அம்பைப் பார்த்தால் மனம் கொஞ்சம் நழுவத்தான் செய்யும்.

ஆனால் அந்தத் தகரத்தின் அசல் புத்திசாலித்தனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி பாண்டம் என்ற சின்னக் கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பெருமளவில் உற்பத்தி செய்யும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டன. ராணுவத்தின் நிபந்தனை ஒன்றுதான் முக்கியம்: ஒரு கம்பெனியின் உறுப்பு இன்னொரு கம்பெனியின் வண்டியில் அப்படியே பொருந்த வேண்டும். ஃபோர்டுக்கு இதில் மானப் பிரச்சினை. தன் போல்ட்டுகளின் தலையில்கூட ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்து அனுப்பியது. போர்முனையில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? உடைந்து கிடந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடுகிற ஒன்றைச் செய்துகொண்டார்கள். இன்று மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த ‘எஃப்’ போட்ட போல்ட்டை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கித் தங்கள் வண்டியை ‘அசல்’ ஆக்குகிறார்கள். கலந்து கிடக்கட்டும் என்றே பிறந்த வண்டிக்குச் சுத்தம் பார்ப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருந்திருக்கிறது.

பழைய மிலிட்டரி ஜீப்பைப் புதிதாக வாங்கித் திண்டாடிய முதல் இந்தியர் என் நண்பர் அல்ல. இந்திய அரசாங்கமே திண்டாடியிருக்கிறது. 1948இல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், முறையான நடைமுறைகளைத் தாண்டி, பழுதுபார்த்துப் புதுப்பித்த 2000 ஜீப்புகளுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். பெருந்தொகை முன்பணமாகப் போனது. வந்து சேர்ந்தவை 155. ஓட்டத் தகுதியில்லாதவை என்று ராணுவம் அவற்றை ஏற்க மறுத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சை என்று ‘ஜீப் ஊழலை’த்தான் சொல்கிறார்கள். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு சொன்னதைப் புறக்கணித்து, 1955 செப்டம்பர் 30 அன்று விவகாரம் முடிந்துவிட்டதாக உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அறிவித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சர்.

இதில் அரசியலைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பட்டறைக்காரரின் கண்ணால் பார்த்தால் விஷயம் எளிது. ‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். மேலே புதுப் பெயிண்ட், உள்ளே பழைய பேரிங். வாங்குகிறவருக்கு அவசரம் இருந்தால் போதும். நண்பரின் ஜீப்பிலும் ஆர்.சி.யில் எழுதியிருந்த சேசிஸ் எண்ணைத் தவிர, விற்றவர் சொன்ன எதுவும் சரியாக இல்லை. நான்கு சக்கர இழுவை ‘பக்காவாக வேலை செய்யும்’ என்றிருந்தார். லீவர் அசைந்தது, உண்மை. முன்பக்க ஷாஃப்ட்டே இல்லை.

வண்டியைப் பிரித்த பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அண்ணாச்சி என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். இளவயதில் கம்பத்திலும் போடியிலும் ஏலத்தோட்ட ஜீப்புகளில் கைபழகியவர். அவர் வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து, ஸ்பிரிங் கட்டைப் பார்த்ததும் சொன்னது: “இது மிலிட்டரி வண்டி இல்ல தம்பி. கூலி வண்டி.”

நண்பர் முகம் சுண்டிவிட்டது. அண்ணாச்சி விரலால் காட்டிக்கொண்டே போனார். கட்டில் கூடுதலாகச் சேர்த்த பட்டைகள். பின்னால் தொங்கி நிற்பவர்களுக்காக வெல்டு வைத்த படி, அதில் தேய்ந்து பளபளத்த நடுப்பகுதி. கூரைக் கம்பியில் கைபிடித்த இடங்களில் மட்டும் பெயிண்ட் இல்லை. விடியுமுன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, பொழுதுசாயத் திரும்பும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கம்பி எத்தனை கைகளைக் கண்டிருக்கும் என்று. இந்த வண்டி படையில் இருந்தது பத்துப் பதினைந்து வருஷம் இருக்கலாம். மெட்டில் இருந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எஞ்சினும் அப்போதே மாறிவிட்டது. சி.ஜே. 3பி-யின் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணமே எஞ்சின்தான். போர்க்கால ஜீப்பில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. அதற்கடுத்து வில்லிஸ் செய்த ஹரிகேன் எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வை மட்டும் தலைக்கு மாற்றினார்கள். அதே 2.2 லிட்டரில் சக்தி அறுபது குதிரையிலிருந்து எழுபதுக்கு மேல் போனது. எஞ்சினின் உயரமும் கூடியது. பழைய உடலை வைத்துக்கொண்டு பானெட்டை மட்டும் தூக்கிவிட்டார்கள். 1953இல் வந்த இந்த வண்டியை அமெரிக்காவில் 1968இல் நிறுத்திவிட்டார்கள். 1947லேயே பம்பாயில் வில்லிஸ் ஜீப் பூட்டத் தொடங்கியிருந்த மகிந்திரா விடவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தது. நண்பரின் ஜீப்பில் அந்த ஹரிகேன் இல்லை. யாரோ ஒரு முதலாளி பெட்ரோல் விலைக்குப் பயந்து, மகிந்திரா பியூஜோ உரிமத்தில் செய்த 2112 சிசி டீசலை உட்காரவைத்திருக்கிறார். பானெட் மட்டும் அந்தப் பழைய எஞ்சினுக்காக இன்னும் உயர்ந்தே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் ‘சரிசெய்வதா, மேம்படுத்துவதா’ என்ற வழக்கமான கேள்வி அர்த்தமிழந்துபோனது. எந்த வருஷத்துக்குச் சரிசெய்வது?

சட்டம் தன் பதிலை வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, ஐம்பது வயது கடந்த வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்து வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் எண்ணெய் போடவும் பழுதுபார்க்கவும் எடுத்துப்போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் கணிசமான மாற்றம் கூடாது. நண்பரின் சிநேகிதர்கள் வழி சொன்னார்கள்: எங்காவது ஒரு ஹரிகேன் எஞ்சின் தேடிப் பிடி, படியையும் கூரைக் கம்பியையும் அறுத்தெறி, கூடுதல் பட்டைகளை உருவு, எழுபத்தொன்றுக்குப் போய்விடலாம். செலவாகுமே தவிர, முடியாத காரியம் இல்லை.

எனக்கு அதில் ஒரு மனக்கசப்பு உண்டு. ராணுவத்தில் கழிந்த பதினைந்து வருஷம் ‘வரலாறு’ ஆகிவிடுகிறது; அதைக் காட்ட, ஏலக்காய் பறிக்கப் போனவர்கள் தொங்கிய படியை அறுக்க வேண்டியிருக்கிறது. போர்வீரனின் பூட்ஸ் பட்ட இடத்துக்குப் பாலிஷ், செருப்புக்கால் பட்ட இடத்துக்குக் கட்டர். பழைய மிலிட்டரி வண்டிகள்மேல் இன்று பரவியிருக்கும் மோகத்தில் இந்தத் தேர்வு சத்தமில்லாமல் நடந்துகொண்டேயிருக்கிறது. 2019இல் தோனி பச்சை ஜோங்கா ஒன்றை வாங்கிய படம் வெளியான பிறகு, ஏற்கெனவே இருந்த மோகம் இன்னும் ஏறியிருக்கிறது. ஜபல்பூர் தொழிற்சாலையில் நிஸான் பட்ரோலை ஒட்டிச் செய்யப்பட்ட அந்த ஜோங்காக்களிலும் எத்தனையோ, படையை விட்டு வந்தபின் மரம் இழுத்தவை. மரம் இழுத்ததை யாரும் பம்பரில் எழுதி வைப்பதில்லை.

நண்பர் விஏ வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு என் வாதம் காரணமில்லை. தோப்புக்குப் போக அவருக்கு வண்டி வேண்டும். கண்காட்சிக்கு மட்டும் ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு தேங்காய் ஏற்ற முடியாது. டீசல் எஞ்சின் அந்தக் காலத்திலேயே முறையாக ஆர்.சி.யில் ஏறியிருந்தது. இன்று அதைச் செய்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வந்திருக்கும். தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது.

பிறகு வேலை நடந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டறை வேலை என்பது பெரும்பாலும் காத்திருப்பதுதான். ஸ்டியரிங்கில் கையகல ஆட்டம் இருந்தது. பெல் கிராங்க் புஷ் தேய்ந்து ஓவலாகியிருந்தது. அதற்குப் புதுசு தேடி டெல்லிக்கு எழுதலாமா என்று நண்பர் யோசித்துக்கொண்டிருக்கையில், அண்ணாச்சி தெருமுனை லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து வாங்கி வந்துவிட்டார். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பு இயந்திரத்தோடு வளர்ந்த ஊர் இது; கடைசல் வேலைக்கு இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. கிங்பின்னுக்கு ஷிம் சேர்த்து இறுக்கினார்கள். இல்லாத முன்ஷாஃப்ட் மதுரையில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஊளையிட்டது. அதன் நடுஷாஃப்ட் தேய்வது இந்த வண்டிகளின் பிறவிக் குணம். இந்த வண்டியில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். அமெரிக்கனுக்கு அது பக்கத்து இருக்கைப் பக்கம். நமக்கு டிரைவர் பக்கம். பாறைப் பாதையில் தலையை வெளியே நீட்டினால், இடிக்கப்போகிற கல்லை நம் ஓட்டுநர் தானே பார்த்துவிடலாம். யாரும் திட்டமிடாமல் நமக்குக் கிடைத்த மேம்பாடு.

உண்மையான விவாதம் பிரேக்கில்தான் வந்தது. நண்பருக்கு டர்போ வைத்த பெரிய எஞ்சின்மேல் ஒரு கண். அண்ணாச்சி கேட்டார்: “போறதுக்கு என்ன தம்பி அவசரம்? நிக்கட்டும் மொதல்ல.”

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழி. எங்காவது ஒரு ரப்பர் வாஷர் கசிந்தால் நான்கும் ஒன்றாகப் போகும். இருபது பேரை ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவில் அதை நம்பி இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. முன்னுக்கொரு வழி, பின்னுக்கொரு வழி என்று பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரும், அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரும் போடுவது என்று தீர்மானமானது. அதில் ஒரு சிக்கல். பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் காற்றை மூடித் திறந்து உறிஞ்சுவதால் அதன் மேனிஃபோல்டிலேயே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலுக்கு அந்த மூடியே கிடையாது. ஆகவே ஆல்டர்னேட்டரின் முதுகில் தனியாக வாக்யூம் பம்ப் வைக்க வேண்டும். எஞ்சினை மாற்றியவர் ஓட்டத்தை மட்டும் மாற்றினார். நிறுத்தத்தை யாரும் யோசிக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்திலும் எரிபொருளுக்கும் நிறத்துக்கும் இருக்கைக்கும் கட்டம் உண்டு, பிரேக்குக்குக் கட்டம் கிடையாது.

இந்த வேலைக்கு அண்ணாச்சி கொடுத்த நியாயம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறது. “ஆண்டாள் தேருக்கே பிரேக் வச்சிருக்காங்க, உங்க ஜீப்புக்கு என்ன?” என்றார். ஆடிப்பூரத்தன்று ஓடும் அந்தத் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. மரச்சக்கரத்தில் ஓடிய காலத்தில் நான்கு வீதியைச் சுற்றி நிலைக்கு வர நாட்கணக்காகும். திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். போடுகிறவரின் கைகாலுக்கு உத்தரவாதமில்லை. பிறகு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. திருவாரூரில் 1948க்குப் பிறகு ஓடாமல் நின்று 1970இல் மறுபடி ஓடிய ஆழித்தேருக்கும் திருச்சி பெல் நிறுவனம் இவற்றைச் செய்து கொடுத்தது. அந்தப் பொறியாளர்கள் நினைத்திருந்தால் ஒரு மோட்டாரையும் வைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவர்களும் வைக்கவில்லை. வடம் பிடிக்கிற கைகள் அப்படியே இருக்கின்றன. முட்டுக்கட்டை போடுகிறவரின் கால்தான் தப்பித்தது. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று இவ்வளவு தெளிவாக எடுத்த முடிவை வேறெந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. அந்தத் தேரைப் பழமை கெட்டதென்று சொல்பவரும் யாருமில்லை.

படியும் கம்பியும் நின்றன. பெரிய எஞ்சின் பேச்சு தானாக அடங்கியது. வண்டி முழுக்கச் சாம்பல் நிறம்.

ஓட்ட இடம்தான் சுருங்கிவிட்டது. செண்பகத்தோப்புக்கு மேலேயும் அய்யனார் கோவிலுக்கு மேலேயும் ஜீப்பில் சுற்றிய கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் புலிகள் காப்பகம் ஆனது. நான்கு சக்கர இழுவை உண்மையில் தேவைப்படும் பாதையெல்லாம் இப்போது வேலிக்கு அந்தப்பக்கம். அதில் எனக்கு வருத்தமில்லை. வேடிக்கைக்குச் சேறு கலக்கும் ஓட்டம் ஓர் அணிலின் மரத்துக்குக்கூட ஈடாகாது. ஆறாவது மைல் பக்கத்துத் தோப்புப் பாதையே ஐப்பசி மழையில் போதுமான சோதனை வைக்கும். யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன காலையில், குறுக்கே கிடக்கும் மரத்தைச் சங்கிலி கட்டி இழுக்க லோ கியர் வேண்டியிருக்கிறது.

கடைசியாக மிஞ்சியது சுவிட்ச். போர்க்கால ஜீப்புகளில் பிற்பாடு சாவியையே எடுத்துவிட்டார்கள். வெறும் திருகு சுவிட்ச்தான். ஓட்டி வந்தவன் விழுந்தால் பக்கத்திலிருப்பவன் சாவி தேடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? நண்பரின் ஜீப்பிலும் அப்படியொரு சுவிட்ச் இருந்தது. ஏலத்தோட்டக்காரர்களுக்கும் அது வசதியாகப்பட்டு விட்டுவைத்திருக்க வேண்டும். நண்பர் இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். திருட்டுப் பயம். சாவிப்பூட்டு வைத்தாயிற்று. இப்போது சாவிக்கு மூன்று நகல்: ஒன்று பட்டறை ஆணியில், ஒன்று தோப்புக் காவல்காரர் இடுப்பில், ஒன்று நண்பரின் அம்மாவுடைய அஞ்சறைப்பெட்டியில். போன மாங்காய்ப் பருவத்தில் வண்டியை எடுக்க நண்பர் தோப்புக்குப் போனபோது, சந்தைக்குக் கூடை ஏற்றிக்கொண்டு யாரோ ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள்.